தீனத்தோட (சொகமில்லாத ஒடம்போட) வெளிநாடு போயி வாலிபர் ஊழியர்களுக்கு பாடம் எடுக்கறவங்க யாராவது இருக்கேளா?

இரணியல்_டீச்சர்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் ரிட்டயர்டு டீச்சர், சபையில சண்டே ஸ்கூல், வாலிபர் கூடுகைன்னு ரொம்ப வருஷம் ஓடினவ. உகாண்டாவுல கொஞ்சம் சபைகள் சேர்ந்து அவங்க வாலிபர் ஊழியர்களுக்கு, அதாவது சபையில இளைஞர்கள நடத்துறவங்களுக்கு, பயிற்சி வைக்கிறாவ, அதுக்கு பாடம் எடுக்க என்னைய கூப்பிடுவாவ, போயிட்டும் வந்துட்டும் இருக்கேன். நடுவுல எனக்கு ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் வந்துட்டு, நம்ம ஊர்ல முடக்குவாதம்னு சொல்லுவாவ இல்லியா அதுதான். ரெண்டு மணிக்கட்டு, விரல் மூட்டு, பாதம் எல்லாத்துலயும் இருக்கு. காலம்பற எந்திரிச்சா ஒரு மணி நேரத்துக்கு மேல விரல் மடங்காது, சேலைக்கு பின்னு குத்த முடியாது, தண்ணி பாட்டில் மூடிய திறக்க இன்னொரு ஆள் வேணும். வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட், கூட ஃபோலிக் ஆசிட், இதுல ஓடிட்டு இருக்கு.

இப்போ மறுபடி கூப்பிட்டிருக்காவ. இங்க ரெண்டு விதமா பேசுறாவ. ஒரு கூட்டம் “இந்த கைய வச்சுக்கிட்டு எதுக்கு டீச்சரே, வீட்டுல இருந்து ஜெபம் பண்ணுங்கோ, அங்க போயி விழுந்தா அவங்களுக்குல்லா பாரம்”னு சொல்லுது. இன்னொரு கூட்டம் “ஊழியத்துக்கு போறவளுக்கு கர்த்தர் சொகம் தருவாரு, தீனத்த வெளிய சொல்லாதீங்கோ”ன்னு சொல்லுது. ரெண்டும் எனக்கு ஒத்து வரல. நான் நெனைக்கிறது இதுதான்: தீனம் இருக்கறவ பாடம் எடுக்கலாம், ஆனா சொகமா இருந்தப்போ எடுத்த மாதிரி எடுக்கக் கூடாது. பாடத்தையே மாத்திப் போடணும், நாம படுத்துட்டாலும் மறுநாள் கிளாஸ் நடக்கணும், அங்க உள்ள ஆளுங்க கையில மொதல் நாளே சாவிய கொடுத்துறணும். இத செஞ்சு பாத்தவங்க சொல்லுங்கோ, செஞ்சு பாக்காதவங்களும் சந்தேகம் இருந்தா கேளுங்கோ.

குளச்சல்_கடல்

அக்கா வணக்கம். நான் ஆர்.சி, எங்க பங்குல இளைஞர் இயக்கத்துல இருக்கேன், வெளிநாடு எல்லாம் போனதில்ல. ஒரு சந்தேகம், தப்பா எடுக்காதீங்க. மொதல் நாளே எனக்கு தீனம்னு சொன்னா அந்த பசங்க நம்மள எப்பிடி நம்புவாங்க, இந்த அம்மா ஒரு வாரம் தாங்குவாங்களான்னு தானே பாப்பாங்க. எங்க ஊர்ல ஒரு கூட்டத்துக்கு பேச வர்றவரு இருமினாலே ஆளுங்க எந்திரிச்சு போயிருவாங்க.

இரணியல்_டீச்சர்

தம்பி நல்ல கேள்வி, இதுல எனக்கு கொஞ்சம் சொல்ல இருக்கு.

தீனம் வந்த பெறவு அங்க போனப்போ நான் ஹால்ல நின்னு மொதல்லயே சொன்னேன், எனக்கு இந்த தீனம் இருக்கு, காலைல என் கை வேலை செய்யாது, அதனால காலைல நான் பாடம் எடுக்க மாட்டேன், நீங்க தான் எடுப்பீங்கன்னு. ஒரு நிமிஷம் யாரும் பேசல. பெறவு ஒரு பையன் எந்திரிச்சு எனக்கு முன்னால இருந்த பாட்டில எடுத்து மூடிய திறந்து வச்சிட்டு போயி உக்காந்தான், அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க நான் கேக்காமலே பாட்டில் திறந்தே இருக்கும்.

ஏற்பாடு எப்பிடின்னா, மத்தியானம் ரெண்டு மணியில இருந்து நாலரை வரை நான் எடுப்பேன், அப்போ தான் என் கை கால் லேசா இருக்கும். மறுநாள் காலைல அதே பாடத்த அவங்கள்ல ரெண்டு பேரு எல்லாருக்கும் திருப்பி எடுக்கணும், ஆனா என் உதாரணம் ஒண்ணு கூட வரக் கூடாது, அவங்க ஊரு உதாரணம் தான் வரணும். நான் பின் பெஞ்சுல வெந்நீர் பையில கைய வச்சுக்கிட்டு உக்காந்து கேப்பேன். சார்ட்டுல எழுதறதும் அவங்க தான்.

இதுல என்ன நடந்துதுன்னு சொல்லணும். காணாமப் போன ஆட்டுக் கதைய நான் நம்ம ஊரு பாணியில எடுத்திருந்தேன். மேற்கு உகாண்டா பக்கம் அங்கோலேன்னு ஒரு எடம், அங்க உள்ள மாட்டுக்கு கொம்பு ஆள் ஒயரத்துக்கு வளந்து நிக்கும். அந்த பக்கத்துல இருந்து வந்த ஒரு வாலிபன் மறுநாள் காலைல எந்திரிச்சு ஆட்ட எடுத்துட்டு மாட்ட வச்சான். அவங்க ஆளுங்க மாட்டுக்கு நெறத்த வச்சும் கொம்ப வச்சும் பேரு வைப்பாவ, அத புகழ்ந்து பாட்டே உண்டு. இவன் தொலைஞ்சு போன மாட்டோட பேர சொல்லி கூப்பிட்டு கூப்பிட்டு பாடிக்கிட்டே பெஞ்சுகளுக்கு நடுவுல நடந்தான், கடைசி பெஞ்சுல ஒரு சின்னப் பொண்ணு மாடு மாதிரி சத்தம் கொடுத்தா. ஹால் அப்பிடியே எந்திரிச்சு நின்னுட்டு. நான் இருவது வருஷம் அந்த கதைய எடுத்திருக்கேன், ஒரு நாளும் அப்பிடி ஆனதில்ல. என் கை நல்லா இருந்திருந்தா அந்த காலை நேரத்துலயும் நான் தான் நின்னு பேசிட்டு இருந்திருப்பேன், அவன் வாயத் திறக்க எடமே இருந்திருக்காது.

அதுக்காக தீனம் நல்லதுன்னு சொல்லல தம்பி. அத யாரும் எங்கிட்ட சொன்னாலும் எனக்கு புடிக்காது. வலி வலிதான்.

ஜெபவீரன்77

சகோதரி, எல்லாம் சரி, ஆனா விசுவாசம் எங்க? அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்னு வேதம் சொல்லுது. வாலிபர்களுக்கு விசுவாசத்த போதிக்க போறவங்க மாத்திரை டப்பாவோட போனா அது என்ன சாட்சி? நான் ஒரு சகோதரன பாத்திருக்கேன், எல்லா மருந்தையும் நிறுத்திட்டு உபவாச ஜெபத்துல உக்காந்தார், இன்னைக்கு நல்லா இருக்கார். நீங்களும் ஒரு 40 நாள் உபவாசம் எடுங்க.

தக்கலை_சிஸ்டர்

நான் ஸ்டாஃப் நர்ஸ், நானும் விசுவாசி தான். 77 அண்ணே, ஜெபத்த பத்தி உங்க கூட எனக்கு சண்டை இல்ல. ஆனா மருந்த நிறுத்துங்கன்னு இதுல எழுதாதீங்க, இத தீனக்காரங்க படிப்பாங்க. ஸ்டீராய்டு கொஞ்ச நாள் சேர்ந்தாப்புல சாப்பிட்டு வர்றவங்க அத திடீர்னு நிறுத்தினா பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும், அத படிப்படியாத்தான் கொறைக்கணும். முடக்குவாதத்துக்கு உள்ள மருந்த நிறுத்தினா கொஞ்ச நாள் ஒண்ணும் தெரியாது, பெறவு மூட்டு வீங்கி எலும்பு அரிச்சு போயிரும், அரிச்சது திரும்ப வராது. கூட 40 நாள் பட்டினி கெடக்க சொல்றீங்க, அதுவும் இந்த மருந்து சாப்பிடுற ஆள. வேண்டாம் அண்ணே.

மயிலாடி_மாமா

தம்பி 77, பவுலு தீமோத்தேயுக்கு என்ன எழுதினாருன்னு பாருங்கோ. 1 தீமோத்தேயு 5:23, வயிறுக்கும் அடிக்கடி வர்ற பலவீனத்துக்கும் கொஞ்சம் திராட்சரசம் குடின்னு எழுதுகாரு. தீமோத்தேயு யாரு? நம்ம கணக்குல பாத்தா ஒரு வாலிப ஊழியன், வேற ஊர்ல போயி சபைய பாத்துக்கிட்டு இருந்தவன். அவனுக்கு அடிக்கடி வயித்து தீனம். கூட ஊழியம் செஞ்ச துரோப்பீமுவ மிலேத்துங்கற ஊர்ல சொகமில்லாம விட்டுட்டு வந்தேன்னு 2 தீமோத்தேயு 4:20ல இருக்கு. இன்னொரு கூட்டாளி எப்பாப்பிரோதீத்து சாகக் கெடந்தாருன்னு பிலிப்பியர்ல இருக்கு. கலாத்தியர் 4:13ல பவுலு தன்னைப் பத்தியே சொல்லுகாரு, சரீர பலவீனத்தோட தான் உங்களுக்கு மொதல்ல பிரசங்கம் பண்ணினேன்னு. இவங்க யாருக்கும் விசுவாசம் இல்லன்னு சொல்ல முடியுமா?

இன்னொண்ணும் சொல்லணும், டீச்சர் சாவிய கொடுக்கணும்னு சொன்னத படிச்சதும் எங்க ஊரு கதை தான் ஞாபகம் வந்துது. ரிங்கல்தௌபே ஐயர் 1806ல மயிலாடிக்கு வந்தாரு, ஜெர்மனிக்காரரு, லண்டன் மிஷன்ல இருந்து அனுப்பினவரு. அவருக்கு ஒடம்பு சரியில்லாம போயி 1816ல ஊர விட்டு கிளம்பிட்டாரு. கிளம்புமுன்ன என்ன செஞ்சாரு? மகாராசன் வேதமாணிக்கத்துக்கிட்ட சபைகளோட பொறுப்ப ஒப்படைச்சாரு. அவரு யாரு, மயிலாடிக்காரரு, இந்த ஐயர இங்க கூட்டிட்டு வந்ததே அவரு தான். அடுத்த வெள்ளைக்கார ஐயர் மீட், 1818ல தான் வந்தாரு. அந்த நடுவுல உள்ள காலத்துல ஜெபம் நிக்கல, பள்ளிக்கூடம் நிக்கல. சொகமில்லாத ஒரு ஆளு போனாரு, உள்ளூர்க்காரரு நடத்தினாரு, அதுல தான் நாம எல்லாம் இன்னைக்கு இருக்கோம். இப்போ நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல இருந்து ஒரு டீச்சர் உகாண்டாவுக்கு போறாவ, அங்க உள்ள வேதமாணிக்கங்கள நம்பி பொறுப்ப கொடுக்க சொல்லுகாவ. இதுல தப்பு சொல்ல எனக்கு ஒண்ணுமில்ல.

ஜெபவீரன்77

மாமா சொன்ன வசனங்கள ஒத்துக்கறேன். மருந்த நிறுத்துங்கன்னு நான் பொதுவா சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன், சிஸ்டர் சொன்னது எனக்கு தெரியாது. ஆனா குணமாகறதுக்கு ஜெபிக்கறத மட்டும் விட்டுறாதீங்க டீச்சர்.

இரணியல்_டீச்சர்

விடல அண்ணே. தினமும் ஜெபிக்கேன். அங்க உள்ள பிள்ளைய என் கைய புடிச்சு ஜெபிக்கறப்போ நானும் ஆமென் சொல்லுவேன், பெறவு மாத்திரையும் சாப்பிடுவேன்.

அருமனை_பிள்ளை

அக்கா, எனக்கு 26 வயசு. லூப்பஸ் இருக்கு, எதிர்ப்பு சக்தி நம்ம ஒடம்பையே தாக்குற தீனம். அந்த எதிர்ப்பு சக்திய கொறைக்க அசதயோப்ரினும் கொஞ்சம் ஸ்டீராய்டும் எடுக்கேன், கூட ஹைட்ராக்சிக்ளோரோகுயினும் உண்டு. காலேஜ்ல இருந்தே வாலிபர் ஊழியத்துல இருக்கேன், கென்யாவுல ஒரு பயிற்சிக்கு பாடம் எடுக்க வர்றியான்னு கேட்டிருக்காவ. எனக்க அம்ம கெடந்து அழுகா. ஒரு அண்ணன் சொன்னாரு, நீ சாப்பிடுற குளிகையே மலேரியாவுக்கு உள்ளது தான், உனக்கு அங்க ஒரு பயமும் இல்லன்னு. அது செரியா? வேற வல்லதும் நான் பாக்கணுமா?

தக்கலை_சிஸ்டர்

பிள்ளே, அது செரியில்ல, தயவு செஞ்சு அத நம்பி போகாத. ஹைட்ராக்சிக்ளோரோகுயின் ஒரு காலத்துல மலேரியாவுக்கு கொடுத்த மருந்து தான், ஆனா ஆப்பிரிக்காவுல உள்ள ஃபால்சிபாரம்ங்கற கடுமையான வகை மலேரியாக்கு அந்த கூட்டத்து மருந்து இப்போ கேக்காது, கிருமி பழகிப் போச்சு. அதனால மலேரியா தடுப்புக்கு தனி மாத்திரை டாக்டர் எழுதணும். டாக்ஸிசைக்ளின்னா தினமும் ஒண்ணு, போறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்ன தொடங்கி, திரும்பி வந்தும் நாலு வாரம் விடாம சாப்பிடணும், நெறைய தண்ணி குடிச்சு சாப்பிட்ட ஒடனே படுக்காம இருக்கணும், வெயில் பட்டா தோல் சிவக்கும். லூப்பஸ்காரங்களுக்கு வெயிலே ஆகாது, அதனால உனக்கு எது ஒத்துக்கும்னு டாக்டர் தான் சொல்லணும். கொசுவலை, முழுக்கை டிரஸ் எல்லாம் மாத்திரை சாப்பிட்டாலும் வேணும்.

அடுத்தது இதவிட பெரிசு. மஞ்சள் காய்ச்சல் ஊசி. அது உயிருள்ள கிருமிய பலவீனப்படுத்தி செய்யுற தடுப்பூசி. எதிர்ப்பு சக்திய கொறைக்கற மருந்து சாப்பிடுறவங்களுக்கு பொதுவா அத போட மாட்டாங்க, போட்டா அந்த தடுப்பூசி கிருமியே தீனமா மாறலாம். 60 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கும் யோசிச்சு தான் போடுவாங்க. உகாண்டாவுல உள்ள நுழையவே அந்த சர்டிபிகேட் கேப்பாங்க. கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு தான், அங்க உள்ள போக கேக்காம விட்டாலும் திரும்பி நம்ம நாட்டுக்கு வர்றப்போ ஏர்போர்ட்ல கேப்பாங்க. இல்லாட்டி ஆறு நாள் வரை தனிமைல வைப்பாங்க, இதுல நம்ம கவர்ன்மெண்ட் ரொம்ப கண்டிப்பு.

அருமனை_பிள்ளை

சிஸ்டர் அப்போ எனக்க நெலம? ஊசி போடாம போகவே முடியாதா?

தக்கலை_சிஸ்டர்

மருத்துவ காரணத்தால போடலன்னு தடுப்பூசி சர்டிபிகேட்டா தர்ற அந்த மஞ்சள் புத்தகத்துலயே எழுதித் தர்றதுக்கு ஒரு பக்கம் இருக்கு, ஊசி போடுற சென்டர்ல தான் தருவாங்க. நமக்கு பக்கத்துல தூத்துக்குடி துறைமுக சுகாதார அலுவலகம், போகுமுன்ன எந்த நாள்ல போடுறாங்கன்னு கேட்டுக்கோ. ஆனா காயிதம் இருக்குங்கறதுக்காக கொசு கடிக்காம விடாது பிள்ளே. காயிதம் ஏர்போர்ட்டுக்கு, ஒடம்புக்கு அதுல பாதுகாப்பு ஒண்ணும் இல்ல. அத வச்சு போலாமா வேண்டாமான்னு ருமட்டாலஜி (மூட்டுவாத) டாக்டர்கிட்ட உக்காந்து பேசு. டீச்சர் நீங்க எப்பிடி சமாளிச்சீங்க?

இரணியல்_டீச்சர்

எனக்கு தீனம் வர்றதுக்கு முன்னாலயே ஊசி போட்டாச்சு. 2016 ஜூலையில இருந்து அந்த சர்டிபிகேட் ஆயுசுக்கும் செல்லும்னு ஆக்கிட்டாங்க, முன்னால பத்து வருஷம் தான். அதனால எனக்கு அந்த பிரச்சனை இல்ல. இல்லாட்டி நானும் இப்போ போவேனான்னு கேட்டா, போக மாட்டேன் மக்களே. அருமனை பிள்ளைக்கு நான் அக்காவா சொல்றது, மஞ்சள் காய்ச்சல் இல்லாத நாட்டுலயும் வாலிபர் ஊழியக்காரங்க இருக்காவ. இலங்கையில மலையகத்துல தேயிலைத் தோட்டத்து சபைகள்ல தமிழ்லயே எடுக்கலாம். நேபாளம் போலாம், அங்க சனிக்கெழம தான் ஆராதனை, ஏன்னா அவங்களுக்கு வார லீவு சனி. ஆனா அங்க மதமாற்றத்துக்கு எதிரா சட்டம் இருக்கு, ஜெயில் தண்டனை உண்டு, அதனால கூப்பிடுற சபை சொல்றபடி மட்டும் நடக்கணும். கென்யாக்காரங்ககிட்ட உண்மைய சொல்லி ஆன்லைன்ல எடுக்கேன்னு சொல்லலாம். கென்யாவ விட்டுட்டா உனக்க அழைப்பு போச்சுன்னு நெனைக்காத.

கம்பாலா_மார்த்தாண்டத்தான்

நான் மார்த்தாண்டம், வேலைக்கு உகாண்டா தலைநகரம் கம்பாலாவுல இருக்கேன். இத இப்பதான் படிச்சேன், டீச்சர் நீங்க வந்திருந்தா ஒரு வாக்கு சொல்லியிருந்தா மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன் கறியும் வச்சு தந்திருப்பேனே. இங்க மரச்சீனி தாராளம், விக்டோரியா ஏரி மீனும் உண்டு. மட்டோக்கேன்னு ஒரு சாப்பாடு, பச்ச வாழக்காயை எலையில பொதிஞ்சு ஆவியில வேக வச்சு பிசைஞ்சு தருவாங்க, நம்ம ஏத்தங்காய் அவிச்சு தின்னவனுக்கு அது ஒரு பிரச்சனையே இல்ல.

ஆன்லைன் பத்தி சொன்னதால எழுதறேன். கம்பாலா உள்ள ஓகே. வெளிய கிராமத்து பக்கம் கரண்ட் போகும், நெட்டுக்கு காசு அவங்க வருமானத்துக்கு கூடுதல். ரெண்டு மணி நேரம் வீடியோல கிளாஸ் வச்சா அந்த பசங்க ஒரு வார காச அதுல போட வேண்டியிருக்கும். நம்ம ஊர்ல உக்காந்துக்கிட்டு ஆன்லைன்ல எடுத்துரலாம்னு சொல்றது லேசு.

தீனக்காரங்களுக்கு ஒரு விஷயம். போடா போடான்னு இங்க பைக் டாக்சி, எல்லாரும் அதுல தான் போவாங்க, கூப்பிட வர்றவங்களும் அத தான் கொண்டு வருவாங்க. மூட்டு தீனம் உள்ளவங்க அதுல ஏறாதீங்க, ரோடு குலுக்குற குலுக்குல சொகமா இருக்கறவனுக்கே முதுகு போகும். முன்கூட்டியே கார் வேணும்னு சொல்லிருங்க, தப்பா நெனைக்க மாட்டாங்க.

இரணியல்_டீச்சர்

தம்பி அடுத்த தடவை கண்டிப்பா மரச்சீனி திங்க வருவேன் 😊

நெட்டு விஷயம் முழுக்க செரி. அதனால நான் செய்யறது, திரும்பி வந்த பெறவு வாட்ஸாப்ல பத்து நிமிஷ வாய்ஸ் அனுப்புவேன், அதுக்கு டேட்டா கொஞ்சம் போதும், எனக்கும் விரல் வச்சு டைப் அடிக்க வேண்டாம். இதையும் போன்ல வாயால சொல்லித் தான் எழுதறேன், அதான் நீளமா போகுது, பொறுத்துக்கோங்கோ. அவங்க கேக்குற கேள்வி எல்லாம் மனசுல நிக்கற கேள்வி. ஸ்கூல் ஃபீஸ் கட்ட முடியாம நின்ன பொண்ண கல்யாணத்துக்கு கொடுக்க போறாங்க, ஊழியக்காரனா நான் அந்த வீட்டுல போயி என்ன பேசணும்னு ஒரு பையன் கேட்டான். அதுக்கு இங்க இருந்து நான் என்ன சொல்ல? அங்க உள்ள மூத்த ஊழியக்காரி ஒருத்திய அந்த குரூப்புலயே வச்சிருக்கேன், அவ தான் பதில் சொல்லுவா, நான் கேட்டுக்கிட்டு இருப்பேன். அவங்க நாட்டுல பாதிக்கு பாதி ஜனம் 18 வயசுக்கு கீழ. ஒரு ஊழியக்காரன் கையில அம்பது அறுவது பிள்ளைய. வெளிய இருந்து ஆள் வந்து எடுத்து தீராது.

குளச்சல்_கடல்

அக்கா ஒண்ணு கேக்கணும், அங்க நமுகொங்கோ போயிருக்கீங்களா? எங்க மறைக்கல்வி கிளாஸ்ல உகாண்டா வேதசாட்சிகள பத்தி சொல்லித் தருவாங்க, சார்லஸ் லுவாங்கா, கிசிட்டோ. 1886 ஜூன் 3ல அங்க வச்சு தானே எரிச்சாங்க.

இரணியல்_டீச்சர்

போயிருக்கேன் தம்பி, அதப் பத்தி எழுதணும்னே நெனச்சேன். உங்க ஆளுங்க 22 பேரு, ஆங்கிலிக்கன் 23 பேரு, ராஜா முவாங்கா காலத்துல கொன்னாங்க. நெறைய பேரு அரண்மனையில வேலை பாத்த சின்ன பசங்க, கிசிட்டோவுக்கு 14 வயசு கிட்ட தான். லுவாங்காவுக்கு முன்னால அந்த பசங்கள பாத்துக்கிட்ட ஜோசப் முக்காசாவ 1885 நவம்பர்லயே கொன்னுட்டாங்க, அந்த எடத்துல தான் லுவாங்கா வந்து நின்னு பசங்களுக்கு பாடம் சொல்லிக் கொடுத்தாரு. இத நான் அவங்களுக்கு சொல்லித் தர வேண்டியதே இல்ல, அவங்க தான் எனக்கு சொன்னாங்க. ஒரு ஊழியக்காரன் போனதும் மறுநாளே அடுத்தவன் பசங்கள கையில எடுத்துக்கிட்டான் பாத்தீங்களா அம்மான்னு ஒரு பொண்ணு கேட்டா.

பதிலுக்கு நான் நம்ம தேவசகாயம் பிள்ளைய சொன்னேன். நான் சி.எஸ்.ஐ, புராட்டஸ்டன்ட் சபை தான், ஆனாலும் அவரு நம்ம மாவட்டத்துக்காரரு இல்லியா. 1745ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம், 1752ல ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில சுட்டுக் கொன்னது, கோட்டார் கோயில்ல அடக்கம், 2022 மே மாசம் புனிதர் பட்டம். அரண்மனை வேலைக்காரரு, ராஜா கோவம்னதும் அவங்களுக்கு ஒடனே புரிஞ்சு போச்சு. எருமை மேல பின்பக்கமா உக்கார வச்சு ஊர் ஊரா கொண்டு போனத சொன்னப்போ அந்த ஹால்ல பெஞ்சு நகர்ற சத்தம் கூட இல்ல. மறுநாள் காலைல அத அவங்க லுகாண்டா பாஷையில திருப்பி சொன்னது யாரு தெரியுமா, பாட்டில் திறந்து தந்த அந்த பையன்.

மயிலாடி_மாமா

நல்லது டீச்சர். ஒரு வருத்தமும் சொல்லிருகேன். நம்ம சபைகள்ல வெளிநாட்டு ஊழியம்னா போட்டோ, ரிப்போர்ட், காணிக்கைன்னு ஆகிட்டு. போறவரு சொகமா, கம்பீரமா, கோட்டு போட்டு நிக்கணும். படுத்துக் கெடந்த நாளப் பத்தி எந்த ரிப்போர்ட்டுலயும் எழுத மாட்டாவ. அதனால தான் தீனக்காரங்க பயப்படுதாவ.

குலசேகரம்_ரப்பர்

நான் கொஞ்சம் எதிரா பேசறேன், மன்னிக்கணும். என் அண்ணி இப்பிடித்தான் சுகர வச்சுக்கிட்டு வெளிநாட்டு ஊழியத்துக்கு போனாங்க, அங்க ஐசியுல கெடந்தாங்க, கூப்பிட்ட ஏழை சபை தான் பில்லு கட்டினாங்க, இங்க இருந்து நாங்க கடன் வாங்கி திருப்பி அனுப்பினோம். டீச்சர் ஆர்வம் புரியுது. ஆனா பாரம்னு சொல்ற கூட்டத்த அப்பிடியே தள்ளிறாதீங்க. அவங்களுக்கும் ஒரு நியாயம் உண்டு.

இரணியல்_டீச்சர்

அண்ணே, நியாயம் தான். இத யாராவது கேக்கணும்னு இருந்தேன்.

போகுமுன்ன நான் வச்சிருக்கற கண்டிஷன்: கூப்பிடுற சபை என் ஆஸ்பத்திரி செலவுக்கு ஒரு பைசா தரக் கூடாது, அத மெயில்லயே எழுதிருவேன். இன்சூரன்ஸ் எடுக்கறப்போ தீனத்த மறைக்க மாட்டேன். பழைய தீனத்துக்கு பெரும்பாலான டிராவல் பாலிசி செலவு தராது, உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் கொஞ்சம் தருவான், மறைச்சா அதுவும் போச்சு. அதனால ஒரு தொகைய தனியா போட்டு வச்சிட்டு தான் டிக்கட் எடுப்பேன், அந்த தொகை சேரலன்னா போறதில்ல. போறதுக்கு முன்ன ரத்தம், லிவர், கிட்னிக்கு உள்ள கிரியாட்டினின் பாத்து ரிப்போர்ட் செரியா இருக்கணும். மூட்டு வீங்கி நிக்கற சமயம்னா தேதிய தள்ளிருவேன், வெட்கப்பட மாட்டேன். பெறவு ரெண்டாவது டீச்சர், முழு நோட்டோட, என் கூடவே வரணும்.

விசாவும் அப்பிடித்தான், டூரிஸ்ட் விசால போயி கிளாஸ் எடுக்கக் கூடாது, எந்த அனுமதி வேணும்னு அந்த சபையவே அவங்க இமிக்ரேஷன்ல கேட்டு வாங்க சொல்லணும்.

இத்தனையும் முடியலன்னா வீட்டுல இருக்கறது தான் நல்லது. உங்க அண்ணி இப்போ எப்பிடி இருக்காவ?

குலசேகரம்_ரப்பர்

இப்போ பரவாயில்ல டீச்சர், சபையில பாட்டு கிளாஸ் எடுக்காங்க. நீங்க சொன்ன இந்த ஏற்பாடு ஒண்ணும் அன்னைக்கு அவங்களுக்கு யாரும் சொல்லல. அதான் கோவம்.

தக்கலை_சிஸ்டர்

மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுறவங்க எல்லாரும் இத எழுதி பர்சுல வச்சுக்கோங்க. வாரத்துல ஒரே நாள், தினமும் இல்ல. வெளியூர்ல நாள் குழம்பி தினமும் சாப்பிட்டா எலும்பு மஜ்ஜை அடிபட்டு உயிர் போகும். ரெண்டாவது, ட்ரைமெத்தோப்ரிம் சேர்ந்த கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரை, நம்ம ஊர்ல செப்ட்ரான்னு சொல்லுவாங்க, ஆப்பிரிக்காவுல கிளினிக்ல சாதாரணமா கொடுக்கற மருந்து. மெத்தோட்ரெக்சேட் கூட அது சேரவே கூடாது. மலேரியாக்கு உள்ள ஃபேன்சிடாரும் அப்பிடித்தான். நான் மெத்தோட்ரெக்சேட் எடுக்கேன், இது ரெண்டும் தராதீங்கன்னு இங்கிலீஷ்ல ஒரு கார்டு எழுதி கூட வர்றவங்க கையிலயும் கொடுங்க, ஏன்னா காய்ச்சல்ல நாம பேசற நெலமையில இருக்க மாட்டோம். காய்ச்சல் வந்தா அன்னைக்கே மலேரியா டெஸ்ட், அந்த வாரத்து மெத்தோட்ரெக்சேட்ட டாக்டர்கிட்ட கேட்காம சாப்பிடாதீங்க. மருந்து எல்லாம் கைப்பையில, ஸ்ட்ரிப்போட, சீட்டோட. லக்கேஜ்ல போடாதீங்க.

இரணியல்_டீச்சர்

சிஸ்டர் கர்த்தர் உங்கள ஆசீர்வதிக்கட்டும், அந்த கார்டு விஷயம் எனக்கும் புதுசு, இன்னைக்கே எழுதறேன். நாள் விஷயத்துல ஒண்ணு, நான் முன்னால சனிக்கெழம ராத்திரி சாப்பிட்டுட்டு இருந்தேன், ஞாயிறு முழுக்க ஓங்கரிப்பும் அசதியும். அங்க ஞாயித்துக்கெழம தான் நம்மள பேச சொல்லுவாவ, ஆராதனை நாலு மணி நேரம் போகும். டாக்டர்கிட்ட கேட்டு ஊருக்கு போறதுக்கு ரொம்ப முன்னாலயே ஞாயிறு ராத்திரிக்கு மாத்திட்டேன், திங்கக்கெழம பாடம் வைக்கறதில்ல, அன்னைக்கு அவங்க எல்லாம் ஊருக்குள்ள பிள்ளைய வீட்டுக்கு போயி பாத்துட்டு வருவாவ.

இந்த தடவை ரெண்டாவது டீச்சரா நம்ம மாவட்டத்து மேற்கு பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கூட வர்றா, 30 வயசு, நல்லா பேசுவா. பாதி பாடம் அவளுக்கு, காலை முழுக்க உகாண்டா பிள்ளையளுக்கு. அதுக்கடுத்த பயிற்சிய அவங்களே நடத்தறாவ, தேதி கூட அவங்களே வச்சாச்சு, என்னைய கூப்பிடல. அந்த மெயில் வந்தப்போ எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா.

அருமனை_பிள்ளை

அக்கா, எனக்க டாக்டர்கிட்ட செவ்வாய்க்கெழம போறேன், மஞ்சள் காய்ச்சல், மலேரியா மாத்திரை ரெண்டையும் கேட்டுட்டு வந்து இதுல எழுதறேன். அம்மைக்கும் இத படிச்சு காட்டினேன், இலங்கைன்னா விடுவேன்னு சொல்லுகா. உங்க பாட நோட்டு தமிழ்ல இருக்கா, இங்கிலீஷ்ல இருக்கா?

இரணியல்_டீச்சர்

ரெண்டும் இருக்கு மக்களே. தமிழ் நோட்டுல உதாரணம் எழுதற எடத்த எல்லாம் வெறுசா விட்டிருக்கேன், அத மலையகத்து பிள்ளைய கையால நிரப்பச் சொல்லு. உனக்க மெயில் ஐடிய இதுல போடாத, எனக்கு தனியா மெசேஜ் பண்ணு, ராத்திரி அனுப்புறேன்.